உமேடாவில் எந்தத் தளத்தில் சாப்பிடுவது?

ஒசாகா நகரின் பிரதான ரயில் நிலையத்துக்குப் பெயர் ஒன்றல்ல. முன்பு அரசு ரயிலாக இருந்த ஜேஆரில் வந்து இறங்கினால் பெயர்ப்பலகையில் ‘ஒசாகா’ என்று இருக்கும். ஹான்க்யூ, ஹான்ஷின் என்ற தனியார் ரயில்களில் வந்தால் ‘ஒசாகா-உமேடா’. சுரங்க ரயிலில் வந்தால் வெறும் ‘உமேடா’. அதிலும் கிழக்கு உமேடா, மேற்கு உமேடா என்று தனித்தனியாக இரண்டு நிலையங்கள் உண்டு. ஜேஆரின் கிதாஷின்சியையும் சேர்த்துக்கொண்டால், நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்குள் ஏழு நிலையங்கள். ஏழையும் பூமிக்கடியில் இணைக்கும் பாதைகளில் வழி தவறாதவர் யாரும் இல்லை. வீடியோ விளையாட்டுகளில் வரும் நிலவறைகளை நினைத்து, ஜப்பானியர்களே இதற்கு ‘உமேடா நிலவறை’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுற்றுலாக் குறிப்புகள் இங்கே சாப்பிட வேண்டிய கடைகளின் பட்டியலைத் தருகின்றன. பட்டியலில் தவறில்லை. ஆனால் மலிவான நல்ல சாப்பாடு ஏன் ரயில் பாலத்துக்கு அடியிலும் பழைய கட்டடங்களின் இரண்டாம் அடித்தளத்திலும் பதுங்கியிருக்கிறது, குழம்பு ஊற்றிய கறிச்சோறு ஏன் ஒரு பேரங்காடியின் உச்சி மாடியில் புகழ்பெற்றது என்பதை அவை சொல்வதில்லை. உமேடாவில் ஒரு கடை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தால், அந்த நிலம் ஒரு காலத்தில் யார் கையில் இருந்தது, என்ன சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது என்பதைச் சொல்லிவிடலாம். அந்தக் கதை தெரிந்துவிட்டால் பட்டியல் தேவைப்படாது.

முதலில் மண். உமேடா என்ற பெயரை இன்று ‘பிளம் மர வயல்’ என்று பொருள்படும் எழுத்துகளில் எழுதுகிறார்கள். முன்பு அதே ஒலிக்கு ‘தூர்த்த வயல்’ என்று பொருள்படும் எழுத்துகள் இருந்தன. சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கிய இடம். ஊர் எல்லைக்கு வெளியே இருந்ததால் இங்கே ஒரு பெரிய இடுகாடும் இருந்தது. பழைய ஒசாகாவின் ‘ஏழு இடுகாடுகள்’ என்ற வரிசையில் உமேடாவும் ஒன்று. அண்மையில் நிலையத்தின் வடக்கே நடந்த அகழாய்வில் 1,500க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 1874இல் கோபே வரையிலான ரயில் பாதைக்கு நிலையம் கட்டியபோது, மக்கள் நெருங்கி வாழ்ந்த வணிகத் தெருக்களை விட்டுவிட்டு இந்தப் புறம்போக்கைத் தேர்ந்தெடுத்ததன் விளைவுகள்தான் இன்றைய உமேடா.

நிலையத்திலிருந்து தென்கிழக்கே சிறிது நடந்தால் அந்தப் பழைய காலத்தின் மிச்சம் ஒன்று மதுக்கடைகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கிறது. ட்சுயு நோ தென் ஜின்ஜா என்ற ஷின்டோ கோயில். ஊரார் வாயில் அது ‘ஒஹாட்சு தென்ஜின்’. 1703இல் ஒஹாட்சு என்ற கணிகையும், சோயா சாறு வணிகரிடம் வேலை பார்த்த தொகுபே என்ற இளைஞனும் இந்தக் கோயில் காட்டில் ஒன்றாக உயிரை விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் நாடகாசிரியர் சிகமத்சு மொன்சாயெமோன் அதைப் பொம்மலாட்டமாக எழுதி அரங்கேற்றினார். காதல் கைகூட வேண்டி வருகிறவர்கள் இன்றும் மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிட்டுப் போகிறார்கள். தற்கொலை செய்துகொண்ட ஜோடியிடம் காதல் வரம் கேட்பது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகவே படுகிறது; கேட்கிறவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இந்தப் புறம்போக்கைப் பொன்னாக மாற்றியதில் பெரும்பங்கு ஒரு முன்னாள் வங்கி ஊழியருக்கு உண்டு. கோபயாஷி இச்சிஸோ 1873இல் யமனாஷியில் பிறந்தவர், மித்சுயி வங்கியில் வேலை பார்த்தவர். 1910இல் அவர் பொறுப்பில் ஓடத் தொடங்கிய மினோ-அரிமா மின்ரயில், உமேடாவிலிருந்து வயல்காடுகளின் வழியே தகராசுகா என்ற சிறிய வெந்நீரூற்றுக் கிராமத்துக்குப் போனது. பெரிய ஊர் எதையும் தொடாத பாதை. யார் ஏறுவார்கள் என்று பலரும் சிரித்தார்கள். பயணி இல்லாவிட்டால் பயணியை உண்டாக்குவோம் என்று கோபயாஷி முடிவு செய்தார். பாதையோரத்து நிலத்தை மலிவாக வாங்கினார். இகேதாவில் தோட்டத்தோடு கூடிய வீடுகளைக் கட்டி மாதத் தவணையில் விற்றார். அந்தக் காலத்தில் சம்பளக்காரர் சொந்த வீடு வாங்க அது புது வழி. வீடு வாங்கியவர் தினமும் உமேடாவுக்கு வேலைக்கு வந்தாக வேண்டும். டிக்கெட் வாங்கியே தீர வேண்டும்.

காலையில் நகரத்துக்குள் நிறைந்து வரும் ரயில் திரும்பும்போது காலியாகப் போகும். அதையும் நிரப்ப, பாதையின் மறுமுனையில் மக்கள் தேடிப் போகும்படி ஏதாவது வேண்டும். மினோவில் விலங்குக் காட்சிச்சாலை, தகராசுகாவில் வெந்நீர்க் குளியல் அரங்கம். அந்த அரங்கத்தின் உள்ளரங்க நீச்சல் குளம் படுதோல்வி. வெயில் படாததால் தண்ணீர் குளிர்ந்துகிடந்தது. குளத்தின் மேல் பலகை போட்டு மூடி நாற்காலிகளைப் பரப்பி, 1914இல் இளம்பெண்களை மட்டும் வைத்துப் பாட்டும் நாடகமும் நடத்தினார்கள். ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்கும் தகராசுகா நாடகக் குழு இப்படித்தான் பிறந்தது, இன்றும் அரங்கு நிறைந்து நடக்கிறது. மினோ-அரிமா நிறுவனம் ஹான்க்யூ என்று பெயர் மாறிய பிறகு, 1920இல் கோபேவுக்குப் புதுப்பாதை திறந்தபோது கொடுத்த விளம்பரம் இன்னும் வேடிக்கையானது. சுத்தமான ரயில், வேகமான ரயில், காலியாக ஓடும் ரயில் என்றது அது. கூட்டமில்லை என்பதையே பெருமையாக விற்கும் துணிவு எத்தனை ரயில் நிறுவனங்களுக்கு உண்டு?

அடுத்தது சாப்பாடு. அதுவரை ஜப்பானின் பேரங்காடிகள் பெரும்பாலும் கிமோனோத் துணி வணிகர்களின் வழிவந்தவை. மித்சுகோஷி, தகாஷிமாயா, தைமாரு எல்லாம் அப்படித்தான். நகரின் பழைய கடைவீதிகளில், பணக்கார வாடிக்கையாளரை நம்பி இருந்தன. கோபயாஷியின் கணக்கு வேறு: நாள்தோறும் இத்தனை ஆயிரம் பேர் தன் நிலையத்தைக் கடந்துபோகும்போது, வாடிக்கையாளரைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் அவர் அவசரப்படவில்லை. 1920இல் உமேடா முனையத்தில் ஐந்து மாடிக் கட்டடம் எழுப்பி, தரைத்தளத்தை ஷிரோகியா என்ற தோக்கியோ கடைக்கு வாடகைக்கு விட்டார். என்ன விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்று ஐந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் ஷிரோகியாவை அனுப்பிவிட்டு, 1925இல் தானே ஒரு சந்தையைத் திறந்தார். 1929இல் எட்டு மாடிகளோடு ஹான்க்யூ பேரங்காடி எழுந்தது. ஜப்பானில் ஒரு ரயில் நிறுவனம் தன் முனையத்திலேயே நேரடியாக நடத்திய முதல் பேரங்காடி அது.

அதன் மேல்மாடி உணவுக்கூடத்தில் கறிச்சோறு கூட்டத்தை இழுத்தது. அதற்கு முன் மேல்நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளின் ஆடம்பரப் பண்டமாக இருந்த ஒன்றை, சம்பளக்காரர் குடும்பத்தோடு வந்து சாப்பிடும் விலைக்கு இறக்கிவிட்டார்கள். ‘கறி’ என்ற சொல் தமிழிலிருந்து கிளம்பியது என்பதைப் பெரும்பாலான அகராதிகள் ஏற்கின்றன. போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்கும், ஆங்கிலேயர் வழியாக மெய்ஜி கால ஜப்பானுக்கும் போய், மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பாக உருமாறி, உமேடாவின் எட்டு மாடிக் கட்டடத்தில் போய் உட்கார்ந்தது நம் சொல். ருசியில் நமக்கு உறவு தெரியாது. பெயரில் மட்டும் தெரியும்.

உலகப் பொருளாதார நெருக்கடி ஜப்பானையும் பிடித்தபோது, கறிச்சோறும் வாங்க முடியாதவர்கள் வெறும் சோற்றை மட்டும் வாங்கி, மேசைமேல் இலவசமாக இருந்த வூஸ்டர் சாஸை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்களாம். மற்ற கடைகள் இவர்களை விரட்டின. வெறும் சோறு கேட்பவர்களை வரவேற்கிறோம் என்று கோபயாஷி எழுதி ஒட்டச் சொன்னார் என்பது ஒசாகாவில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. இன்று ஏழையாக இருக்கும் இளைஞர் நாளை கல்யாணமாகிப் பிள்ளைகளோடு இங்கேதான் வருவார் என்பது அவர் வாதம். தர்மமா வியாபாரமா என்று கேட்டால், இரண்டையும் பிரிக்க முடியாத இடத்தில்தான் அவருடைய திறமை இருந்தது என்பேன்.

ஹான்க்யூவின் வண்டிகள் தொடக்கம் முதலே ஒரே நிறம், பளபளக்கும் அரக்குச் சிவப்பு. ஒசாகா-உமேடா முனையத்தில் ஒன்பது தண்டவாளங்கள், பத்து நடைமேடைகள். கோபே, தகராசுகா, கியோட்டோ என்ற மூன்று வழித்தடங்களின் ரயில்களும் பகலில் ஒரே நொடியில் புறப்பட்டு, யோடோ ஆற்றுப் பாலத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ரயில் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் இதற்காக நிற்பார்கள். காசு செலவில்லாத காட்சி. உமேடாவின் ‘பார்க்க வேண்டியவை’ வரிசையில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

இந்த முனையம் இப்போது ஜேஆர் தண்டவாளங்களுக்கு வடக்கே இருக்கிறது. பேரங்காடியோ தெற்கே. ஏன் இந்த இடைவெளி? 1934 வரை அரசு ரயில் தரையில் ஓடியது, ஹான்க்யூ அதன் மேல் பாலம் போட்டுக் கடந்து தெற்கே வந்தது. அரசு தன் பாதையை உயர்த்த முடிவு செய்தபோது, மேலே இருந்தவர் கீழேயும் கீழே இருந்தவர் மேலேயும் போக வேண்டியதாயிற்று. மே 31 இரவு கடைசி ரயில் போன பிறகு தொடங்கி, ஜூன் 1 காலைக்குள் மாற்றி முடித்தார்கள். அதன்பின் ஹான்க்யூ முனையம் அரசின் பாலத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டது. போருக்குப் பிறகு கூட்டம் பெருகி, நீளமான ரயில்கள் தேவைப்பட்டபோது நீட்டிக்க இடமில்லை. எனவே 1966இல் தொடங்கி 1973 வரை முனையத்தையே பாலத்துக்கு வடக்கே நகர்த்தினார்கள். பயணிகள் கூடுதலாக நடக்க வேண்டியதாயிற்று என்பதால், 1967இல் ஜப்பானின் முதல் நகரும் நடைபாதை இங்கே வந்தது. அவசரமாகப் போகிறவர்களுக்கு இடப்பக்கம் வழிவிடும்படி அறிவித்தார்களாம். தோக்கியோவில் நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் காரணங்களில் அந்த அறிவிப்பும் ஒன்று.

பாலத்தின் மறுபக்கத்துக் கதை வேறு. அங்கே நிலம் அரசு ரயிலுக்குச் சொந்தம். போருக்குப் பின் உருவான தேசிய ரயில்வேயைச் சட்டம் ரயில் ஓட்டும் வேலைக்குள்ளேயே கட்டிப்போட்டிருந்தது. ஹான்க்யூ போல வீடு விற்கவோ கடை நடத்தவோ அதற்கு எளிதில் முடியாது. நாட்டின் மிகக் கூட்டமான நிலையங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துக்காரர் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை. தனியார் பணம் போட்டு நிலையக் கட்டடத்தைக் கட்டி, அதில் கடைகளும் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு 1950இல் தோயோஹாஷி நிலையத்தில் முதலில் வந்தது. ஒசாகா நிலையத்துக்கு மேல் தைமாரு பேரங்காடியோடு 27 மாடிக் கட்டடம் எழுந்தது 1983இல்தான். ஹான்க்யூவுக்கு 54 ஆண்டுகள் பின்னால்.

ஆனால் அரசு ரயிலின் அந்தக் கையாலாகாத்தனத்தால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. 1950இல், வேலையிலிருந்து விலகிய ரயில்வே ஊழியர்களுக்குப் பிழைக்க வழி செய்வதற்காக, உயர்த்திய தண்டவாளங்களுக்கு அடியில் சிறு சாப்பாட்டுக் கடைகள் வைக்க இடம் கொடுத்தார்கள். ஷின் உமேடா ஷோகுதோகை, அதாவது ‘புது உமேடா உணவகத் தெரு’. இப்போது நூறு கடை அளவுக்கு அங்கே அடைந்துகிடக்கின்றன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். ஐந்தாறு நாற்காலிகள் போட்ட கடை, நாற்காலியே இல்லாத கடை, செங்குத்தான மரப்படியில் ஏறிப்போகும் மேல்தளக் கடை. ஒவ்வொரு ரயில் போகும்போதும் மேலே கடகடவென்று ஓசை.

நின்றபடியே குஷிகத்சு சாப்பிடுவதற்கு இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியாது. இறைச்சி, இறால், வெங்காயம், தாமரைக்கிழங்கு, காடை முட்டை என்று எதையும் மூங்கில் குச்சியில் குத்தி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது குஷிகத்சு. எல்லாருக்கும் பொதுவான சாஸ் பாத்திரத்தில் ஒருமுறை தோய்க்கலாம்; கடித்த குச்சியை மறுபடி தோய்க்கக் கூடாது. எச்சில் விஷயத்தில் நம்மைப்போலவே கறாரான ஊர். கோவிட் காலத்துக்குப் பிறகு பல கடைகள் பொதுப் பாத்திரத்தை எடுத்துவிட்டு, சாஸைப் புட்டியில் வைத்துவிட்டன. இலவசமாகத் தரும் முட்டைக்கோஸ் துண்டுகளை, கூடுதல் சாஸை அள்ளி ஊற்றும் கரண்டியாகப் பயன்படுத்தும் பழைய தந்திரம் அதனால் குறைந்துவிட்டது.

ஒசாகாவின் மாவுப் பண்டங்களுக்கு ‘கொனமொன்’ என்று செல்லப்பெயர். தகோயாகி 1935இல் இந்த நகரத்தில்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. குழிகள் உள்ள இரும்புக் கல்லில் மாவை ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு ஆக்டோபஸ் போட்டு, ஊசியால் திருப்பித் திருப்பி உருண்டையாக்குவார்கள். கல்லைப் பார்த்தால் பணியாரக்கல்லே என்று தோன்றும். உள்ளே வெந்தும் வேகாத கூழாக இருக்கும், அதுதான் பக்குவம். பணியாரம் என்று நினைத்து வாயில் முழுதாகப் போட்டால் நாக்கு வெந்துபோகும். ஒகொனொமியாகி இன்னும் கனமானது. பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸை மாவோடும் முட்டையோடும் கலந்து தடியாக வார்ப்பது ஒசாகா முறை. கலக்காமல் அடுக்கடுக்காக வைப்பது ஹிரோஷிமா முறை. எது உசத்தி என்று இரு ஊர்க்காரர்களிடமும் ஒரே மேசையில் கேட்காமலிருப்பது நல்லது. போருக்குப் பின் அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, கோதுமை மாவு வந்திறங்கிய காலத்தில்தான் இவை சிறுதீனி நிலையிலிருந்து வயிறு நிரப்பும் உணவாக உயர்ந்தன. உமேடாவில் அவை ரயில் பாலத்தடியில் அதிகம் கிடைப்பதற்கும் அந்தக் காலத்துக்கும் தொடர்புண்டு.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. பொரித்த டோஃபுவை மட்டும் மேலே வைத்துத் தரும் கித்சுனே உதோன் என்ற கோதுமை நூடுல்ஸ் ஒசாகாவின் பண்டம். பார்வைக்கு முழுச் சைவம். ஆனால் அதன் சாற்றில் உலர்மீன் சீவல் கலந்திருக்கும். வடக்கே ஹொக்கைடோவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கடற்பாசியை வைத்துச் சாறு இறக்குவதில் ஒசாகா தேர்ந்த ஊர். அந்தக் கடற்பாசியின் பெயர் ‘கொம்பு’ என்பது தமிழ்க் காதுக்கு வேடிக்கை. ஆனால் கொம்புவோடு மீனும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஒகொனொமியாகியின் மேலே நெளிந்தாடுவதும் மீன் சீவல்தான். கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

போர் முடிந்ததும் நிலையத்தின் தெற்கே குண்டுவீச்சில் அழிந்த வெளியில் கள்ளச்சந்தை முளைத்தது. துணி மொத்த வியாபாரிகளும் அங்கே குவிந்தார்கள். நகரத்தின் முகப்பில் இருந்த இந்தத் தகரக் கூரைக் கூட்டத்தை அகற்ற ஒசாகா நகராட்சி நான்கு பெரிய கட்டடங்களைக் கட்டியது: ஒசாகா எக்கிமே என்ற பெயரில், எண் மட்டும் மாறும். முதலாவது 1970இல், நான்காவது 1981இல். பழைய கடைக்காரர்களை வெறுங்கையோடு அனுப்பாமல், அவர்கள் விட்டுக்கொடுத்த நிலத்துக்கு ஈடாகக் கட்டடத்துக்குள்ளேயே இடம் சொந்தமாகக் கொடுத்தார்கள். இதனால் ஒரே கட்டடத்துக்கு எத்தனையோ சிறு உடைமையாளர்கள். மிகப் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்ளாமல் இடிக்கவும் முடியாது, மொத்தமாக வாடகையை உயர்த்தவும் முடியாது. நகரின் நடுமையத்தில் மலிவாக விற்கும் கடைகள் இன்றும் பிழைத்திருப்பதன் ரகசியம் இந்தச் சொத்துப் பத்திரங்களில் இருக்கிறது.

நான்கு கட்டடங்களின் அடித்தளங்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. பயன்படுத்தாத ரயில், விமான டிக்கெட்டுகளைத் தள்ளுபடி விலையில் விற்கும் குட்டிக் கடைகள், பகலிலேயே திறக்கும் மதுக்கடைகள், மதியம் அலுவலக ஊழியர்கள் வரிசையில் நிற்கும் கறிச்சோற்றுக் கடைகள், முடிதிருத்தகங்கள். முதல் கட்டடத்தின் அடித்தளத்தில் மட்ஸுரா என்ற காபிக்கடை இருக்கிறது. கள்ளச்சந்தைக் காலத்தில் பிறந்து 1970இல் இங்கே குடிவந்தது. அதே ஆண்டு ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியின் விண்வெளி மயக்கம் அதன் வட்ட விளக்குகளிலும் வளைவான சுவர்களிலும் அப்படியே உறைந்துகிடக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் மனிதர்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை, ஒரு காபி வாங்கினால் போதும்.

ஹான்ஷின் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 1905 முதல் ஒசாகாவையும் கோபேவையும் இணைத்து ஓடும் ஹான்ஷின், கடற்கரைத் தொழிற்பேட்டைகளின் ரயில். ஹான்க்யூ மலையடிவாரத்து நடுத்தர வர்க்கத்தின் ரயில். இருவரும் பல காலம் போட்டியாளர்கள். ஹான்ஷின் பங்குகளை ஒரு முதலீட்டு நிதியம் வாங்கிக் குவித்ததால் எழுந்த குழப்பத்தில், 2006இல் இரண்டும் ஒரே குழுமமாகிவிட்டன. ஆனாலும் தெருவுக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு பேரங்காடிகளின் குணம் மாறவில்லை. ஹான்க்யூவில் உயரமான வளைகூரையின் கீழ் மெதுவாக நடப்பார்கள். ஹான்ஷினின் அடித்தளத்தில் நின்றபடி சாப்பிடுவார்கள். 1957இலிருந்து அங்கே விற்கும் இக்காயாகி, கணவாய்த் துண்டுகள் கலந்த மாவை இரண்டு சூடான இரும்புத் தகடுகளுக்கு இடையே அழுத்திச் சுடும் மெல்லிய அடை. வரிசை நீளமாக இருக்கும், ஆனால் தகடு பெரியது, சீக்கிரம் நகரும். வாழைப்பழம், டப்பாப் பழங்கள், பால், பனிக்கட்டி சேர்த்து அடித்துத் தரும் ‘மிக்ஸ் ஜூஸ்’ ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரே மூச்சில் குடிக்கத் தோதானது.

அடித்தளத்தில் இன்னொரு வாசனையும் வரும்: ஹோராய் நிறுவனத்தின் பன்றியிறைச்சியை மாவுக்குள் வைத்து ஆவியில் வேகவைத்த பொதி. ஜப்பானின் மற்ற பகுதிகளில் இதை ‘நிக்குமான்’, இறைச்சிப் பொதி, என்பார்கள். ஒசாகாவில் வெறும் இறைச்சி என்றால் மாட்டிறைச்சி. எனவே இங்கே இது ‘புத்தாமான்’, பன்றிப் பொதி. புல்லெட் ரயில் ஒசாகா நிலையத்துக்கு வருவதில்லை. 1964இல் அது யோடோ ஆற்றுக்கு வடக்கே ஷின்-ஒசாகாவில் நின்றுவிட்டது. அங்கிருந்து இந்தப் பொதியோடு ரயிலில் ஏறினால் பெட்டி முழுவதும் மணக்கும். ஏறலாமா கூடாதா என்பது ஜப்பானில் ஓயாத விவாதம்.

இனி ஜேஆரின் பழிதீர்ப்பு. 1987இல் தேசிய ரயில்வே உடைந்து தனியார்மயமானதும், அதிலிருந்து பிறந்த ஜேஆர் மேற்கு நிறுவனம், ஹான்க்யூவின் பாடத்தைத் தாமதமாகப் படிக்கத் தொடங்கியது. 2011இல் தண்டவாளங்களுக்கு மேலே ஏறத்தாழ 180 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட பெரும் சாய்கூரையும், வடக்கே புதிய வானுயர்ந்த கட்டடமும் வந்தன. கூரையின் கீழ், தண்டவாளங்களுக்கு மேலாகப் பாலம் போன்ற ஒரு முற்றமும் பொன்னிறக் கடிகாரமும். ரயில்கள் காலடியில் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். இத்தனை பெரிய கூரை இருந்தும் சாரல் உள்ளே அடிக்கும் என்பதால் நடைமேடைகளுக்குத் தனிக் கூரைகளும் இருக்கின்றன. குடைக்குள் குடை.

அந்தப் புதுக் கட்டடத்தில் ஜேஆர் ஒசாகா மித்சுகோஷி இசேதான் பேரங்காடி பெரும் எதிர்பார்ப்போடு திறந்தது. மூன்றாண்டுகளில் மூடியது. ஒசாகாக்காரருக்கு உடுப்புக்கும் பரிசுக்கும் ஏற்கெனவே ஹான்க்யூ இருந்தது, சாப்பாட்டுக்கு ஹான்ஷின் இருந்தது. தோக்கியோ பாணியில் இன்னொன்று தேவைப்படவில்லை என்பதுதான் என் கணிப்பு. 2015இல் அதே இடத்தை லுக்குவா 1100 என்ற பெயரில் பிரித்துக் கட்டினார்கள். இப்போது அங்கே மாலையில் கூட்டம் மொய்ப்பது மேலே அல்ல, அடித்தளத்தில்: சிறு சிறு மதுக்கூடங்களும் உணவுக்கடைகளும் நெருக்கிக்கொண்டிருக்கும் பார்ச்சிகாவில். கோடிகளைக் கொட்டிக் கட்டிய கட்டடம், பாலத்தடிச் சந்தின் கூட்டத்தை நகலெடுத்துத்தான் பிழைத்தது.

நிலையத்தின் வடக்கே 1928இலிருந்து இயங்கிய சரக்கு ரயில் முற்றம் 2013இல் மூடப்பட்டது. எலும்புகள் கிடைத்தது இங்கேதான். ஒரு பகுதியில் 2013இலேயே கிராண்ட் ஃப்ரன்ட் கட்டடங்கள் வந்துவிட்டன. மறுபகுதியில் 2024 செப்டம்பரில் ஒரு பூங்காவின் முதற்பகுதியைத் திறந்தார்கள். முழுமையடையும்போது மொத்தம் நாலரை ஹெக்டேர். இத்தனை விலையுள்ள நிலத்தில் புல் வளர்ப்பது கோபயாஷிக்குப் பிடித்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். பிடித்திருக்கும்: பூங்காவைச் சுற்றியுள்ள அறைகளின் விலை அந்தப் புல்லினால்தான் ஏறுகிறது.

பூங்காவுக்கு மேற்கே உமேடா ஸ்கை கட்டடம். 1993இல் கட்டியது, 173 மீட்டர். இரண்டு கோபுரங்களை உச்சியில் ஒரு வட்டத் துளையுள்ள தளம் இணைக்கிறது. அந்தத் துளையின் குறுக்கே, கீழே எதுவுமில்லாத வெளியில், நகரும் படிக்கட்டில் ஏறிப் போக வேண்டும். வடிவமைத்தவர் ஹாரா ஹிரோஷி. பின்னாளில் கியோட்டோ நிலையத்தையும் வரைந்தவர். உச்சியிலிருந்து பார்த்தால் யோடோ ஆற்றின் மேல் அரக்குச் சிவப்பு ரயில்கள் தெரியும். சூரியன் மறையும் நேரத்தில் கூட்டம் அதிகம், கட்டணமும் உண்டு. ஹெப் ஃபைவ் கடைக்கட்டடத்தின் தலையில் சுற்றும் சிவப்பு ராட்டினத்தைவிட எனக்கு இது மேல்.

ஸ்கை கட்டடத்தின் அடித்தளத்தில் தகிமி-கோஜி என்றொரு சந்து இருக்கிறது. 1920களின் ஒசாகாத் தெருவைப் போல மரத்தூண்களும் பழைய விளம்பரத் தகடுகளும் வைத்து அமைத்தது. ‘கிஜி’ என்ற ஒகொனொமியாகிக் கடை அங்கேயும் இருக்கிறது, ரயில் பாலத்தடி உணவகத் தெருவிலும் இருக்கிறது. மாவும் கல்லும் ஒன்றுதான். ஸ்கை கட்டடத்துக் கடையில் தண்ணீர்க் குவளை அசைவதில்லை. பாலத்தடியில், ஒவ்வொரு ரயிலுக்கும் அசையும். நான் பாலத்தடிக்குத்தான் போவேன். நீங்களும் போவதானால் இரண்டு பேராகப் போங்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார அங்கே இடம் கிடைப்பது அரிது.